மாமா குனிந்திருந்த ஐந்து நாட்கள்

அந்த ஐந்து நாட்களும் எங்கள் வீடு பெருநாள் வீடு போலக் கிடந்தது. நடு அறையின் ஓரத்தில் தொழுகை விரிப்பான பச்சை முசல்லாவை விரித்து மாமா உட்கார்ந்திருப்பார். தொழுகையின் கடைசி இருப்பில் இருப்பவரைப் போல மடித்த காலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, முதுகை வளைத்து, தலையை முன்னுக்குத் தொங்கவிட்டிருப்பார். அரை மணித்தியாலம், சில நேரம் அதைவிடக் கூடவும் அப்படியே இருப்பார். மாமி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். என் மனைவி பிள்ளைகளுக்கு உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள். மூன்றாம் நாள் மாமி இனிப்பு வட்டிலப்பம் அவித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் அனுப்பினார். வந்து பார்த்த ஆட்கள் எல்லாம் மாஷா அல்லாஹ் என்றார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். வட்டிலப்பத்தில் இரண்டாம் துண்டும் கேட்டு வாங்கித் தின்றேன்.

மாமா என்றால் என் மனைவியைப் பெற்ற வாப்பா. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். நான் நற்பிட்டிமுனையில் பிறந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். இருபத்திரண்டு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். இருந்தும் மாமாவும் நானும் நேருக்கு நேர் கதைத்த வார்த்தைகளை ஒரு கொப்பியில் எழுதினால் பாதிக் கொப்பி வெறுமையாகக் கிடக்கும். "மருமகனுக்கு மீன் வை புள்ள" என்று மகளிடம் சொல்வார். அது எனக்குக் கேட்கும். "மாமாவை முதலில் சாப்பிடச் சொல்லு" என்று நானும் அவளிடம்தான் சொல்வேன். அது அவருக்குக் கேட்கும். மாமி இன்னும் ஒரு படி மேல். கதவுச் சேலைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் என்னோடு கதைப்பார். மரியாதை என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். அந்த மரியாதை எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மாமாவுக்குக் கடற்கரையில் போட் எஞ்சின் திருத்துகிற வேலை. எஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டே எது கோளாறு என்று சொல்லிவிடுவார். தொழுகை மட்டும் அவருக்கு ஒத்துவராது. மாமி நச்சரித்தால், "கையெல்லாம் எண்ணெய். எவ்வளவு கழுவினாலும் வுழு நிக்காது" என்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் போவார், அதுவும் செருப்புகளுக்குப் பக்கத்தில் கடைசி வரிசை. மாமி இதை நினைத்து அல்லாஹ்விடம் எத்தனை துஆ கேட்டிருப்பார் என்பது அந்த வீட்டுச் சுவர்களுக்குத் தெரியும்.

எனக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற வேலை. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து வெள்ளையணுக்களை இனம் பிரித்து எண்ணுவேன். இப்போது மெசின் எண்ணுகிறது. மெசினுக்குச் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதை எழுதுவதற்குக் காரணம் என் வாய். வெள்ளைக் கோட்டுப் போட்டவனுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டார் நினைத்தார்கள், நானும் மறுக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, ஒரு எஞ்சினின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த மாமா மணலில் உட்கார்ந்துவிட்டார். வியர்வையில் சட்டை தோய்ந்துவிட்டதாம். தோணிக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மாரடைப்பு. ஊசி போட்டு அடைப்பைக் கரைத்தார்கள். மறுநாள் அவருடைய இரத்தத்தை நானே கண்ணாடியில் இழுத்துப் பார்த்தேன். திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளையணுக்கள். பயந்துபோன என் மனைவிக்கும் சேலைக்குப் பின்னால் நின்ற மாமிக்கும் நான் அன்று ஒரு பெரிய பிரசங்கமே செய்தேன். "சுனாமிக்குப் பிறகு நம்மட தெருவுக்குப் பெக்கோ வந்திச்சே, ஞாபகம் இரிக்கா? இடிஞ்சதையெல்லாம் அள்ளினாப் பிறகுதானே புது வீடு கட்டின. நெஞ்சுக்குள்ளயும் அதுதான் நடக்குது. செத்த சதைய வெள்ளையணு வந்து அள்ளுது. ஒரு கூட்டம் அள்ளும், மறுகா வாற கூட்டம் தழும்பு போட்டு அடைக்கும். கூடினாப் பயப்பட வேணாம், வேலை நடக்குதெண்டு அர்த்தம்."

பிறகு ஆஸ்பத்திரி வாட்டில் மாமாவுக்கும் இதையே சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அதிசயமாக என்னிடமே நேரே சொன்னார்: "அந்தப் பெக்கோக்காரன் என்ட நல்ல சுவரையும்தானே இடிச்சிட்டுப் போனான், மருமகன்." உண்மைதான். சுனாமி விட்டுவைத்த ஒரே சுவரை அவன்தான் சாய்த்தான். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். என் நூறு பக்கப் படிப்பைவிட அவர் கேட்ட அந்த ஒரு கேள்வி பெரிது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாலு கிழமை, ஒரு மாதம் போல, நன்றாகத்தான் இருந்தார். ஐந்தாம் கிழமை மெல்லிய காய்ச்சல். இரத்தம் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இறங்கியிருந்த வெள்ளையணு மறுபடியும் ஏறியிருந்தது. எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அள்ளுகிற வேலை இரண்டு கிழமைக்குள் ஓய்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டுக்கு வந்து, "துப்புரவு வேலை இன்னும் முடியல்ல போல, பயமில்ல" என்று சொன்னேன். அடுத்த கிழமை கிளினிக் இருக்கிறது, அங்கே காட்டுவோம் என்று நினைத்தேன். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க எனக்கு வெட்கம். இதை எழுதும்போது கை கூசுகிறது, என்றாலும் அதுதான் நடந்தது.

அதற்கு அடுத்த நாள்தான் முசல்லா விரிந்தது. பிறகு நான் சொன்ன அந்த ஐந்து நாட்கள்.

ஐந்தாம் நாள் பகல் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தேன். வெயில் நடு உச்சியில். மாமா முசல்லாவில் குனிந்திருந்தார். "காலயில இருந்து தொழுதுகொண்டே இரிக்கார், கூப்பிட வேணாமெண்டு சொல்லு புள்ள" என்று சேலைக்குப் பின்னால் மாமியின் குரல். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நடுப்பகல் தொழுகைக்கு அழைக்கிற லுஹர் பாங்குக்கு இன்னும் சில நிமிடம் இருந்தது. சூரியன் உச்சியில் நிற்கும்போது தொழக்கூடாது என்பது ஓதப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு வந்தது எரிச்சல். வாழ்நாள் முழுக்கத் தொழாத மனிதர் தொழ வந்ததும் வந்தார், நேரத்தைக்கூடப் பிழையாகப் பிடித்திருக்கிறாரே, யாராவது சொல்லிக் கொடுக்கக் கூடாதா என்று. தொழுகிறவரின் முன்னால் போகக்கூடாது, கூப்பிடவும் கூடாது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கட்டும், மகளைக் கொண்டு பக்குவமாகச் சொல்லுவோம் என்று ஓரமாகச் சற்றுப் பின்னால் கதிரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஆம், காத்திருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தையும் மறுமையில் என்னிடம் கேட்பார்கள் என்று இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அவர் ஸலாம் கொடுக்கவில்லை. அவருடைய மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை முசல்லாவில் விழுந்தது. பிறகு இன்னொன்று. மின்விசிறி தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. எழும்பிப் பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். கழுத்து நரம்பு சுண்டுவிரல் தடிப்பில் புடைத்திருந்தது. உதடு கறுத்திருந்தது. எந்தச் சட்டத்தையும் நான் யோசிக்கவில்லை, முன்னால் போய் முழங்காலில் விழுந்தேன். "மாமா!" கண்ணை மட்டும் உயர்த்தினார்.

"படுக்க... ஏலா... மருமகன்."

"எத்தன நாளா?"

தொடையிலிருந்த கையை எடுத்து விரல்களை விரித்துக் காட்டினார். ஐந்து.

கதவுச் சேலை கிழிகிற மாதிரி விலகியது. மாமி வெளியே வந்து என் சட்டையைப் பிடித்தார். அதுவரைக்கும் பத்தொன்பது வருடத்தில் அந்த முகத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. "என்ன மருமகன் பாத்துக்கொண்டு நிக்கீங்க? நீங்கதானே சொன்னீங்க பயமில்ல எண்டு!" என்று கத்தினார். ஆட்டோவில் ஏற்றினோம். பின்னுக்குச் சாய மாட்டேன் என்று மாமா சாரதியின் இருக்கையைக் கட்டிப் பிடித்து, அதில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தார். கல்முனைச் சந்தைக்கு முன்னால் வழக்கமான நெரிசல். யா அல்லாஹ், அந்தத் தக்காளி லொறி பின்னுக்கு எடுத்து முடிக்கும் வரை எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

டொக்டர் ஒரு பெண். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, சாஞ்சு படுத்தா நெஞ்சு நோ கூடுமா, முன்னுக்குக் குனிஞ்சா குறையுமா?"

மாமா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஓம் டொக்டர். தொழுற மாதிரி இருந்தா... சுகம்."

மாஷா அல்லாஹ் சொன்ன வாய்கள், வட்டிலப்பம், பிள்ளைகளின் உதட்டில் விரல், எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தன. ஐந்து நாளாக அந்த மனிதர் நோவோடு எங்கள் நடு அறையில் குனிந்திருந்திருக்கிறார். நாங்கள் சுற்றி நின்று சந்தோசப்பட்டிருக்கிறோம்.

எக்கோ ஸ்கேனில் பார்த்தார்கள். இதயத்தைச் சுற்றியிருக்கிற உறைக்குள் நீர் கட்டி, இதயம் விரிய இடமில்லாமல் நெருக்கிக்கொண்டிருந்தது. டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். மாரடைப்பில் செத்த சதையின் துணுக்குகளைக் கண்டு பழகிய வெள்ளையணுக்கள், சில பேருக்கு, வேலை முடிந்த பிறகும் ஓயாதாம். இதயத்தையே அந்நியப் பொருள் என்று எடுத்துக்கொண்டு அதன் உறையில் போய் மோதுமாம். அப்படியானால் அடக்குவதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் கிருமி புகுந்து சீழ் பிடித்திருக்கலாம். தழும்பு கிழிந்து இரத்தம் ஒழுகவும் கூடும். "கிழிஞ்சிருந்தா ஒப்பரேசனுக்குக் கொழும்புக்கு அனுப்ப வேணும். போய்ச் சேருவாரெண்டு என்னால சொல்ல ஏலாது" என்றார். ஊசி குத்தி நீரை எடுத்து உங்களுடைய பரிசோதனைப் பகுதிக்கே அனுப்புகிறேன், கெதியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

குழாய் என் கைக்கு வந்தபோது இன்னும் இளஞ்சூடாக இருந்தது. பால் இல்லாத, தண்ணீர் கூடின பிளேன் டீயின் நிறம். நான் குழாயைப் பிடித்தபடியே நிற்பதைக் கண்டு, என்னோடு வேலை செய்கிற ஆலையடிவேம்பு ஊர்த் தங்கச்சி, "அண்ணன், தாங்க, நான் பாக்கிறன்" என்றாள். கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற தைரியம் எனக்கு இல்லை. இரண்டு கண்ணாடியில் நீரை இழுத்துச் சாயம் போட்டேன். சாயம் காய்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிந்த எல்லா ஓதலும் மறந்துபோயிற்று. கலிமாவின் முதல் வரியையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் சிவப்பணுக்களைத் தேடினேன். கிழிந்திருந்தால் அவை வெள்ளமாக நிற்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடந்தன. பிறகு கிருமி. கண்ணாடியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நகர்த்தினேன், திரும்பவும் நகர்த்தினேன். ஒன்றுமில்லை. முழுக்க முழுக்க வெள்ளையணுக்கள். கருத்த உருண்டைக் கருவோடு சிறியவை, நுரைத்த வயிற்றோடு பெரியவை. அத்தனையும் திடகாத்திரம், ஒன்றிலாவது ஒரு பழுது தெரியவில்லை. இருபத்தைந்து வருடமாக இவற்றை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவன் நான். உடம்பைக் காக்கிறவை என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டியும் இருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவற்றைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாமாவின் சொந்த எலும்புக்குள் பிறந்தவை, மாமாவைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பிலேயே அவரை மூச்சடைக்க வைத்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் நாங்கள் செய்ததும் வேறென்ன. தங்கச்சி இன்னொரு முறை பார்த்துச் சரி என்றாள். தொலைபேசியில் டொக்டரிடம் முடிவைச் சொன்னபோது என் குரல் எனக்கே யாரோ ஒருவருடையது போலக் கேட்டது.

கூடிய அளவில் அஸ்பிரினும், மூட்டு வீக்கத்துக்குக் கொடுக்கிற கொல்சிசின் குளிசையும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் போனபோது மாமா தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். சாய்ந்து! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமி கதவுச் சேலையை மறந்து கட்டிலின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாமா என்னைக் கண்டதும் முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் தொழவே இல்ல, மருமகன்" என்றார் சுவரிடம். "குனிஞ்சா நோ குறைஞ்சிச்சு. கட்டில்ல குனிஞ்சா நீங்கெல்லாம் பயப்படுவீங்க எண்டு முசல்லாவப் போட்டன். மறுகா உங்கட மாமி அழுது சந்தோசப்பட்டா. எப்பிடி நான் இல்லண்டு சொல்ற? சாவுக்கு, மௌத்துக்கு நான் பயப்படல்ல. முசல்லாவில இருந்து அல்லாஹ்வ ஏமாத்திப்போட்டன். அதுதான் பயமா இரிக்கி."

அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. மாமிதான் பதில் சொன்னார், கோபமாகவே சொன்னார். "அல்லாஹ்வுக்கு உங்கட நெஞ்சு நோ முதலாம் நாளே தெரியும். அவன ஆரு ஏமாத்த ஏலும்? நீங்க ஏமாத்தின என்னய. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாம்." சொல்லிவிட்டு அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வெளியே போய்த் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு கிழமை இருக்கும். மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னது. மாமா சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்து கொட்டாவி விட்டார், எழும்பவில்லை. என் வாயிலிருந்து அல்ஹம்துலில்லாஹ் என்று வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் எதற்காகச் சொன்னேன் என்பது உறைத்தது. ஒரு மனிதர் தொழாமல் கிடப்பதைப் பார்த்து இறைவனைப் புகழ்ந்திருக்கிறேன். திடுக்கிட்டு, இஸ்திக்பார் ஓதிப் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நான் மட்டும் பள்ளிவாசலுக்குப் போனேன்.

நோய் திரும்பவும் வரலாம் என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார். சிலருக்கு மாதங்கள் கழித்து வருமாம், சிலருக்கு வராமலே போகுமாம். காய்ச்சல், நோ, மூச்சு, இந்த மூன்றையும் கவனியுங்கள் என்றார். நான் காய்ச்சலைக் கவனிப்பேன். மூச்சைக் கவனிப்பேன். நோவை நான் எப்படிக் கவனிப்பது? அது அவர் சொன்னால்தானே எனக்குத் தெரியும்.

இப்போது மாமா தொழுகிறார். எப்போது தொடங்கினார் என்று எங்களுக்கே தெரியாது, யாருக்கும் சொல்லவில்லை. கடற்கரையிலிருந்து வந்ததும் கிணற்றடியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கையின் கறுப்பைக் கழுவுகிறார். பிறகு சவர்க்காரம். பிறகு வுழு. மாமி இந்த முறை வட்டிலப்பம் அவிக்கவில்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. குசினிக்குள் கரண்டிச் சத்தத்தை மட்டும் நிறுத்திவிடுகிறார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடைசி இருப்பில் அவர் நெடுநேரம் இருப்பார். முதுகு வளைந்திருக்கும், தலை முன்னுக்குத் தொங்கும். கழுத்து நரம்பைப் பார்ப்பேன், மூக்கு நுனியைப் பார்ப்பேன், தோள் ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். கூப்பிடக்கூடாது. முன்னால் போகக்கூடாது.

வலப்பக்கம் ஸலாம் கொடுப்பார். இடப்பக்கம் ஸலாம் கொடுக்கும்போது என்னைக் காண்பார். சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு, இடது மணிக்கட்டை என் பக்கம் நீட்டுவார். நான் பக்கத்தில் குந்தி, நாடியைப் பிடித்து எண்ணத் தொடங்குவேன். அவருடைய கையில் மண்ணெண்ணெய் மணக்கும்.

"தொழுததுதான், மருமகன்" என்பார்.

எண்ணி முடியும் வரைக்கும் நான் பதில் சொல்ல மாட்டேன்.